மார்ச் மாதத் தாளை நிரப்புவது எப்படி? பர்டியூ மாணவர் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி: "இந்தியானா மாநிலத்தில், பர்டியூ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு வந்திருக்கிறேன். மார்ச் வந்தால் ஆய்வகத்தில் எல்லோரும் கூடைப்பந்துப் போட்டிக்கான 'பிராக்கெட்' தாளை, அதாவது எந்த ஆட்டத்தில் எந்த அணி வெல்லும் என்று முன்கூட்டியே எழுதும் தாளை, நிரப்பச் சொல்கிறார்கள். கல்லூரி விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத நான் எதை வைத்து அணிகளைத் தேர்ந்தெடுப்பது? இதே கூட்டம், ஆகஸ்ட் இறுதியில்தான் தொடங்கும் ஃபுட்பால் பற்றி இப்போதே சண்டை போடுகிறதே, அது ஏன்?"

முதலில் சாம்பியன் யார் என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் சுற்றில் எந்தச் சிறிய கல்லூரி எந்தப் பெரிய கல்லூரியைக் கவிழ்க்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். அவர்களைத் தோற்கடிக்கும் வேலையில் பாதியை இது ஒன்றே முடித்துவிடும்.

போட்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட ஆடவர் கூடைப்பந்து அணிகள் உள்ளன. அவற்றிலிருந்து 68 அணிகளை, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தேர்வு செய்கிறது. 1939-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய போட்டி இது. 1985-இல் 64 அணிகளானது, 2011-இல் 68 ஆனது. கான்ஃபரன்ஸ் என்னும் கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கு நேரடி இடம் உண்டு. மீதி இடங்களுக்கு ஒரு குழு உட்கார்ந்து அணிகளைப் பொறுக்குகிறது; மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பட்டியல் வெளியாகிறது. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் நடக்கும் நான்கு ஆட்டங்கள் 68-ஐ 64 ஆக்கும். அதன்பின் நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 16 அணிகள், மிக வலுவான அணிக்கு 1 என்று தொடங்கி 16 வரை தரநிலை. முதல் தரநிலை அணி 16-ஆம் தரநிலையோடு மோதும், 2-ஆம் தரநிலை 15-உடன், இப்படியே. ஒரு தோல்வி, ஊர் திரும்ப வேண்டியதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரே ஓர் அணி மிஞ்சும்.

தாளில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய ஆட்டங்கள் 63. ஒவ்வொன்றுக்கும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து எழுதினால் அத்தனையும் சரியாக அமைய வாய்ப்பு, 92 ஆயிரம் கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணில் ஒன்று. விளையாட்டு தெரிந்தவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் 70 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியவர் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 570 கோடியில் ஒன்றுதான். 2014-இல் பிழையில்லாத தாளுக்கு 100 கோடி டாலர் என்ற அறிவிப்பின் பின்னால் வாரன் பஃபெட் துணிந்து நின்றதற்குக் காரணம் இந்தக் கணக்கு. முதல் சில நாட்களிலேயே எல்லாத் தாள்களும் பிழையாகி, அவர் பணம் அவரிடமே இருந்தது. சரிபார்க்கப்பட்ட சாதனை 2019-இல் வந்தது: ஒஹாயோக்காரர் ஒருவரின் தாளில் முதல் 49 ஆட்டங்களும் சரி. ஐம்பதாவது ஆட்டத்தில் டென்னசி வெல்லும் என்று எழுதியிருந்தார். கூடுதல் நேரத்தில் வென்றது உங்கள் பர்டியூ.

ஆகவே பிழையில்லாத தாளை மறந்துவிடுங்கள். ஆய்வகத்தில் உள்ளவர்களைவிட அதிகப் புள்ளி எடுப்பதுதான் இலக்கு. அது வேறு விளையாட்டு, அதற்கான விதிகளை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இஎஸ்பிஎன் தளத்தின் வழக்கமான கணக்கைப் பாருங்கள். முதல் சுற்றில் சரியான ஒவ்வொரு விடைக்கும் 10 புள்ளி. அடுத்த சுற்றில் 20, பிறகு 40, 80, 160, இறுதி ஆட்டத்துக்கு 320. சுற்று ஒவ்வொன்றிலும் ஆட்டங்கள் பாதியாகின்றன, புள்ளி இரட்டிப்பாகிறது. முதல் சுற்றின் 32 ஆட்டங்களையும் சரியாகச் சொன்னவருக்கும் சாம்பியனை மட்டும் சரியாகச் சொன்னவருக்கும் அந்தந்தச் சுற்றில் ஒரே 320 புள்ளிதான். அதற்கும் மேலே, சாம்பியனாகும் அணி ஆறு சுற்றுகளையும் கடந்து வருவதால் அந்த ஒரு தேர்வு மொத்தம் 630 புள்ளிகளைக் கொண்டுவந்து கொட்டும். தாளின் முழு மதிப்பு 1,920. மூன்றில் ஒரு பங்கு ஒரே பெயரில் அடங்கியிருக்கிறது. முதல் சுற்றில் யாரும் நினைக்காத ஓர் அதிர்ச்சியைச் சொல்லிவிட்டு நாள் முழுக்கப் பெருமை பேசுகிறவருக்குக் கிடைப்பது பத்துப் புள்ளி.

அந்த ஒரு பெயரை எங்கே தேடுவது? 1985 முதல் 2025 வரை நடந்த 40 போட்டிகளில் (2020-இல் கொரோனாவால் போட்டி இல்லை) 26 முறை கோப்பையை வென்றது ஏதோ ஒரு முதல் தரநிலை அணி. 8-ஆம் தரநிலையிலிருந்து வென்றது 1985-இன் வில்லனோவா மட்டும். 7-இலிருந்து 2014-இன் யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) மட்டும். அதற்குக் கீழே யாரும் இல்லை. 11-ஆம் தரநிலை அணிகள் ஆறு முறை கடைசி நான்கு அணிகளுக்குள் வந்திருக்கின்றன. ஒன்றுகூட இறுதி ஆட்டத்தைத் தொட்டதில்லை. உங்கள் சாம்பியன் முதல் மூன்று தரநிலைகளுக்கு வெளியிலிருந்து வந்தால், அது துணிச்சல் அல்ல, தானம்.

முதல் தரநிலை அணிகள் நான்கு இருக்கும்போது எது என்பதற்கு ஒரு கருவி உண்டு. கென் பொமராய் என்பவர் நடத்தும் கென்பாம் தரவரிசையை ரசிகர்கள் வேதவாக்காக மேற்கோள் காட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். ஓர் அணி நூறு முறை பந்து கையில் கிடைத்தால் எத்தனை புள்ளி எடுக்கும், எதிரணிக்கு நூறு முறை கிடைத்தால் எத்தனை கொடுக்கும், எதிராளிகளின் வலிமையையும் கணக்கில் சேர்த்துச் சொல்லும் பட்டியல் அது. வேகமாக ஆடும் அணிக்கு 90 புள்ளி, மெதுவாக ஆடும் அணிக்கு 65 என்பதால் ஏற்படும் மயக்கம் அதில் இல்லை. தாக்குதல், தடுப்பு இரண்டிலும் முதல் இருபதுக்குள் நிற்கும் அணிகளை வடிகட்டினால் கையில் மிஞ்சுவது சிறு பட்டியல். சாம்பியன்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறார்கள். 2023-இல் யுகானுக்குக் குழு கொடுத்தது 4-ஆம் தரநிலை. ஆனால் இத்தகைய பட்டியல்களில் அந்த அணி அதைவிட மிக உயரத்தில் இருந்தது. ஆறு ஆட்டங்களையும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த ஆண்டும் அப்படியே செய்து கோப்பையைத் தக்கவைத்தது.

இங்கே உங்கள் ஊருக்கே உரிய ஒரு யோசனை. பர்டியூ ஆய்வகத்தில் பாதிப் பேர் பாசத்தால் பர்டியூவைச் சாம்பியனாக எழுதுவார்கள். பர்டியூவின் உண்மையான வாய்ப்பு அந்த அளவுக்கு இருக்கவே முடியாது. மிக வலுவான அணிக்குக்கூட ஐந்தில் ஒன்று என்பது பெரிய வாய்ப்பு. எனவே வலுவான வேறோர் அணியை எழுதினால், பர்டியூ வெளியேறும் நொடியில் பாதி அறை உங்கள் பின்னால் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் முகத்தில் மகிழ்ச்சி தெரியக் கூடாது. அந்த ஊரில் அது பாதுகாப்பான காரியமல்ல.

ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தப் போட்டியின் கொடூரத்தை பர்டியூ அளவுக்கு அனுபவித்த ரசிகர்கள் குறைவு. 2021-இல் 13-ஆம் தரநிலை நார்த் டெக்ஸஸிடம் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 2022-இல் நியூஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறு கல்லூரி, 15-ஆம் தரநிலை, கென்டக்கியை வீழ்த்திவிட்டு வந்து பர்டியூவையும் 67-64 என்று வீழ்த்தியது. 2023-இல் நடந்ததுதான் உச்சம். ஃபேர்லி டிக்கின்சன் என்ற 16-ஆம் தரநிலை அணி. முதல் பிரிவிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. அது அந்த ஆண்டு தன் சொந்தக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில்கூட வெல்லவில்லை; வென்ற மெரிமாக் கல்லூரி முதல் பிரிவுக்குப் புதிதாக வந்ததால் விதிப்படி தகுதி இல்லாமல் போய், இடம் இவர்களுக்கு வந்தது. டேட்டனில் ஓர் ஆட்டம் ஆடி உள்ளே நுழைந்தார்கள். எதிரே முதல் தரநிலை பர்டியூ, நடுவில் ஏழடி நான்கு அங்குல ஜாக் ஈடி. முடிவு 63-58, குள்ளர்கள் பக்கம்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018 மார்ச் 16 வரை, 16-ஆம் தரநிலை அணி முதல் தரநிலையை வென்றதே இல்லை. 135 ஆட்டங்கள், 135 தோல்விகள். அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாக அணி, ஒட்டுமொத்தத் தரவரிசையிலேயே முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று துவைத்தெடுத்தது. இடைவேளையில் 21-21. இதில் கவனிக்க வேண்டிய ஒரு காரணம் உண்டு. வர்ஜீனியா வேண்டுமென்றே மெதுவாக ஆடும் அணி. மெதுவாக ஆடினால் இரு பக்கமும் பந்து கிடைக்கும் தடவைகள் குறைகின்றன. தடவைகள் குறைந்தால் திறமை வெளிப்பட நேரம் போதாது, அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடுகிறது. எதிரணி தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகள் அன்றைக்கு விழுந்துகொண்டே இருந்தால் திரும்பி வர வழி இல்லை. பலம் குறைந்த அணிதான் மெதுவாக ஆட வேண்டும், தூரத்திலிருந்து எறிய வேண்டும். பலசாலி அதைச் செய்தால் தன் அனுகூலத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறது. மறு ஆண்டு அதே வர்ஜீனியா கோப்பையை வென்றது. பர்டியூவும் 2023-க்கு மறு ஆண்டு இறுதி ஆட்டம் வரை சென்று யுகானிடம் தோற்றது. ஓர் இரவுத் தோல்வியை வைத்து அணியை எடைபோடுகிறவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கவிழ்ப்புகளை எழுதியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், இடம் அறிந்து எழுதுங்கள். 8-க்கும் 9-க்கும் நடக்கும் ஆட்டம் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 12-ஆம் தரநிலை அணி 5-ஐ வெல்வது ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு முறை நடக்கிறது. அப்படி ஒரு கவிழ்ப்புகூட நடக்காத ஆண்டுகள் மிகச் சில, 2018-உம் 2023-உம் அவற்றில் சேர்ந்தவை. 15-ஆம் தரநிலை 2-ஐ வென்றது 1985 முதல் 2025 வரை பதினோரு முறைதான். 16-இன் கணக்கு இரண்டு. இரண்டையும் மேலே பார்த்துவிட்டோம். எனவே 12, 11, 10 ஆகிய தரநிலைகளில் இரண்டு மூன்று அணிகளை முதல் சுற்றில் வெல்லவிட்டு, அடுத்த சுற்றில் தோற்கவிடுங்கள். அந்த அணிகளை எப்படித் தெரிந்தெடுப்பது? மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்கள் அதிகம் உள்ள அணி, பந்தை எதிரணியிடம் பறிகொடுக்காத அணி, மூன்று புள்ளிப் பந்தில் வலுவான அணி. உலகப் புகழ் பெற்ற பதினெட்டு வயது இளைஞர்களை நம்பி வரும் பெரிய பெயர்கள் இவர்களிடம் மாட்டுவது அடிக்கடி நடந்திருக்கிறது.

'நடந்திருக்கிறது' என்று இறந்த காலத்தில்தான் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் அடிப்படையே மாறிவிட்டது, இதைக் கவனிக்காமல் பழைய புள்ளிவிவரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் உங்கள் ஆய்வகத்தில் தோற்கப்போகிறார்கள்.

2021-இல் இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரப் பணம் ஈட்டலாம். மற்றொன்று, வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு தளர்ந்தது. 2024-இல் அது ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது. 2025 ஜூலை முதல், ஒரு நீதிமன்ற உடன்படிக்கையின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு கல்லூரி ஒன்றுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. சிறு கல்லூரியில் ஒருவர் மார்ச்சில் ஜொலித்தால் ஏப்ரலில் பெரிய கல்லூரி விலை பேசிவிடுகிறது. மூன்று ஆண்டுகள் ஒன்றாக ஆடிப் பழகிய சிறு கல்லூரி அணி என்பதே அரிதாகிக்கொண்டிருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ் அணி அந்த அற்புத ஓட்டத்துக்குப் பிறகு சில வாரங்களிலேயே கலைந்தது. பயிற்சியாளரும் சீட்டன் ஹாலுக்குப் போனார்.

2025-இன் சாம்பியன் ஃபுளோரிடாவைப் பாருங்கள். இறுதிக் கட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வான வால்டர் கிளேட்டன் ஜூனியர், அயோனா என்ற சிறு கல்லூரியிலிருந்து வந்தவர். அலைஜா மார்ட்டின், 2023-இல் எல்லோரையும் வியக்கவைத்துக் கடைசி நான்கில் இடம்பிடித்த ஃபுளோரிடா அட்லான்டிக் அணியின் ஆட்டக்காரர். வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து வந்தவர். பழைய காலமாக இருந்தால் இந்த மூவரும் மூன்று சிறு கல்லூரிகளில் இருந்து, மூன்று பெரிய அணிகளின் தாளைக் கிழித்திருப்பார்கள். இப்போது மூவரும் ஒரே சட்டையில். அந்த ஆண்டு கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. அதில் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கூட்டமைப்பு மட்டும் ஏழு. கடைசி நான்கு அணிகளும் முதல் தரநிலை. அதற்கு முன் அப்படி நடந்தது 2008-இல் ஒரே ஒரு முறை.

என்றாலும் ஒழுங்கு நிலைபெற்றுவிட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே ஃபுளோரிடா இரண்டாம் சுற்றில் யுகானிடம் தோற்கும் நிலையிலிருந்து 77-75 என்று தப்பியது. இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனிடம் 12 புள்ளி பின்தங்கி, 65-63 என்று முடித்தது. அந்த ஹூஸ்டன் அதற்கு முந்தைய சுற்றுகளில் பர்டியூவை 62-60 என்று கடைசி நொடியில் கழித்துக்கட்டி, கடைசி 35 நொடிகளில் ஆறு புள்ளி முன்னிலையில் இருந்த டியூக்கையும் வீழ்த்தி வந்தது. முடிவுகளின் பட்டியலைப் பார்த்தால் ராணுவ அணிவகுப்பு போலத் தெரியும். ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றது தெரியும்.

இன்னொன்று: ஆய்வகத்தில் மகளிர் போட்டிக்கும் தாள் இருந்தால் அதையும் வாங்கி நிரப்புங்கள். அங்கே முதல் நான்கு தரநிலை அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைச் சொந்த அரங்கில் ஆடுகின்றன. அதனால் தரநிலையை அப்படியே நம்பி எழுதுபவருக்கு லாபம். 16-ஆம் தரநிலை அணியின் முதல் வெற்றியும் அங்கேதான், ஆடவருக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1998-இல் ஹார்வர்டு ஸ்டான்ஃபோர்டை வென்றபோது. 2024-இல் மகளிர் இறுதியை அமெரிக்காவில் ஆடவர் இறுதியைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். இன்னும் பல ஆய்வகங்களில் இந்தத் தாளை யாரும் கவனித்து நிரப்புவதில்லை. உங்களுக்கு அதுதான் வசதி.

இனி ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. மார்ச்சில் இதைப் பேசுவதற்கு முதல் காரணம் சாதாரணமானது: வசந்தகாலப் பயிற்சி அப்போதுதான் நடக்கிறது. இரண்டாவது காரணம் பணம். பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் எல்லா விளையாட்டுகளுக்கும் சோறு போடுவது ஃபுட்பால். மூன்றாவது, கூடைப்பந்து அணி மார்ச்சில் வெளியேறியவுடன் ரசிகருக்கு ஆறுதல் வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை எந்த ஃபுட்பால் அணியும் தோற்பதில்லை.

இதற்குப் பின்னால் கௌரவப் பிரச்சினையும் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் தங்களைக் கூடைப்பந்து வீடாகவும் சில ஃபுட்பால் வீடாகவும் கருதுகின்றன. 2022-இல் கென்டக்கியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் கலிபாரி, தங்கள் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்கானது என்று சொல்லிவைக்க, அதே பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர் மார்க் ஸ்டூப்ஸ் சமூக ஊடகத்தில் பகிரங்கமாகப் பதிலடி கொடுத்தார். இரண்டும் சேர்ந்து வாய்த்த இடம் ஃபுளோரிடா: 2007 ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட்டை வென்று ஃபுட்பால் பட்டம், ஏப்ரலில் அதே ஒஹாயோ ஸ்டேட்டை வென்று கூடைப்பந்துப் பட்டம். ஒஹாயோக்காரர்களிடம் இதை நினைவூட்டுவது உங்கள் விருப்பம்.

ஃபுட்பாலைக் கணிப்பது நீண்ட காலம் எளிதாக இருந்தது. ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்தில் ஒருவர் கை சூடானால் ஆட்டம் மாறும். ஃபுட்பாலில் தாக்கும் பக்கம் பதினொருவர், தடுக்கும் பக்கம் வேறு பதினொருவர். முன்வரிசையில் 130, 140 கிலோ எடையுள்ளவர்கள் மோதிக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் தகுதி இல்லையென்றால் அதிர்ஷ்டம் உதவாது. பள்ளி வீரர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்கள் பாதிக்கு மேல் உள்ள அணிகள்தான் தேசியப் பட்டம் வெல்லும் என்பது ஒரு பத்தாண்டுக்கும் மேலாக உடையாத விதி. அவ்வப்போது ஒரு சனிக்கிழமை அதிர்ச்சி வரும்: 2007-இல் அப்பலேச்சியன் ஸ்டேட், லட்சம் பேர் கூடிய அரங்கில் மிச்சிகனை 34-32 என்று வென்றது. 2024-இல் நார்தர்ன் இல்லினாய், வந்து தோற்பதற்கென்றே பணம் கொடுத்து அழைத்திருந்த நாட்டர் டேமை 16-14 என்று வென்றது. ஆனால் அதே நாட்டர் டேம்தான் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் வரை சென்றது. ஓர் ஆட்டம் பருவத்தை மாற்றவில்லை.

அந்த விதியும் உடைந்துவிட்டது. உடைத்தது, எத்தனை பெரிய நகைச்சுவை பாருங்கள், இந்தியானா பல்கலைக்கழகம்.

கூடைப்பந்தில் ஐந்து தேசியப் பட்டங்கள் வென்ற பல்கலைக்கழகம் அது. 1976-இல் பாப் நைட்டின் பயிற்சியில் 32 ஆட்டங்களில் 32 வெற்றி. ஆடவர் போட்டியில் அதன்பின் தோல்வியே காணாத சாம்பியன் ஒருவருமில்லை. அதே இடத்தில் ஃபுட்பால் என்றால் சிரிப்பு. பெரிய பல்கலைக்கழகங்களில் மிக அதிகத் தோல்விகளைச் சேர்த்திருந்த அணி. 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஆண்டு இறுதியில் கர்ட் சிக்னெட்டி என்ற அறுபது வயதைக் கடந்த பயிற்சியாளர் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தார். நீங்கள் வெல்வீர்கள் என்று எப்படி நம்புவது என்ற பொருளில் கேட்டதற்கு, தான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். தன்னோடு தன் பழைய அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அழைத்து வந்தார். நட்சத்திரங்கள் குறைவு, வயதும் அனுபவமும் அதிகம். முதல் ஆண்டு 11-2, அதாவது 11 வெற்றி, 2 தோல்வி. இரண்டாம் ஆண்டு, கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்த குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) ஃபெர்னாண்டோ மென்டோசாவோடு, 16 ஆட்டங்களில் 16 வெற்றி. 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன்.

கூடைப்பந்தில் சிறு கல்லூரிகளின் கதையை முடித்துவைக்கும் அதே கல்லூரி மாறும் விதிதான் ஃபுட்பாலில் இந்தியானாவுக்குக் கதவைத் திறந்தது. கூடைப்பந்தில் நல்ல வீரர்கள் பத்துப் பேர் போதும் என்பதால் பணக்காரர் முழுக்க வாங்கிவிடலாம். ஃபுட்பாலில் நூறு பேர் வேண்டும். அத்தனை நல்லவர்களையும் ஒரே இடத்தில் பூட்டிவைக்க முடிவதில்லை, பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவர் அடுத்த ஜனவரியில் கிளம்பிவிடுகிறார். அத்துடன் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் என்ற இறுதிக் கட்டப் போட்டியில் 2024 பருவத்திலிருந்து நான்கு அணிகளுக்குப் பதில் பன்னிரண்டு. முதல் சுற்றை ஆடாமலே நேரடியாகக் காலிறுதிக்கு வந்த நான்கு உயர்தர அணிகள் 2024 பருவத்தில் நான்கும் அங்கேயே தோற்றன. 2025 பருவத்தில் மூன்று தோற்றன, தப்பியது இந்தியானா மட்டும். பருவத்துக்கு முந்தைய கணிப்புகளின் கதியோ பரிதாபம். 2023-இல் முதல் 13 ஆட்டங்களையும் வென்று தங்கள் கூட்டமைப்பின் பட்டத்தையும் எடுத்த ஃபுளோரிடா ஸ்டேட், அடுத்த ஆண்டு பத்தாம் இடத்தில் தொடங்கி 2-10 என்று முடித்தது. 2025-இல் முதலிடத்தில் தொடங்கிய டெக்ஸஸ் பிளே-ஆஃபுக்கே வரவில்லை. இரண்டாமிடத்தில் தொடங்கிய பென் ஸ்டேட் அக்டோபரிலேயே தன் பயிற்சியாளரை அனுப்பிவிட்டது.

ஆகவே மார்ச்சில் யாராவது அடுத்த பருவத்தைப் பற்றி அடித்துப் பேசினால் நான் முதலில் மூன்று விஷயங்களைக் கேட்பேன். குவார்ட்டர்பேக் திரும்பி வருகிறாரா? முன்வரிசையின் ஐந்து பேரில் எத்தனை பேர் சேர்ந்து ஆடியவர்கள்? கடினமான ஆட்டங்களில் எத்தனை வெளியூரில்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் அணியின் பழம்பெருமையைப் பேசுகிறவரிடம் தலையாட்டிவிட்டு உங்கள் சோதனையைத் தொடரலாம். எஸ்பி பிளஸ் என்ற தரவரிசை ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வரும் வீரர்களின் பங்கைக் கணக்கிட்டு வெளியிடுகிறது; பேச்சில் கலந்துகொள்ள அந்த ஒரு பட்டியலைப் புரட்டினால் போதும்.

பர்டியூ ஃபுட்பால் பற்றிக் கேட்டால், கவனமாகப் பேசுங்கள். 2024-இல் 1-11, 2025-இல் 2-10. பக்கத்து இந்தியானாவிடம் முதல் ஆண்டு 66-0, அடுத்த ஆண்டு 56-3. பழைய ஓக் மர வாளி ஒன்றுதான் இந்த இரு அணிகளின் பரிசுக்கோப்பை. அது இப்போது இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஊரான புளூமிங்டனில் இருக்கிறது. பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறு வென்றால் பருவ இறுதியில் 'போல்' (bowl) எனப்படும் கூடுதல் ஆட்டம் ஒன்றுக்குத் தகுதி கிடைக்கும். நவம்பர் இறுதியில் வாளிக்கான ஆட்டம் வரும்போது பர்டியூவின் கணக்கில் ஐந்து வெற்றிகள் இருந்தால், அதுவே இப்போதைக்குப் பெரிய முன்னேற்றம். கூடைப்பந்துத் தாளில் பர்டியூவைச் சாம்பியனாக எழுதலாமா வேண்டாமா என்பது விவாதத்துக்குரியது. ஃபுட்பாலில் அந்தச் சிக்கல் இல்லை.